கல்லிரோய்க்குக் கிடைத்த உப்பு மணல்

கல்லிரோயைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது, அவள் கடை மீன் வறுவலில் உப்பு தூக்கலாக இருக்கும் என்பதைத்தான். அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். “உனக்கு நாக்கு செத்துப்போச்சு ஜன்னிஸ், வாயை மூடிட்டுச் சாப்பிடு” என்பாள். ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அடி வாங்கியவர்கள் நாங்கள். அதனால் மரியாதை இரண்டு பக்கமும் கிடையாது.

எங்கள் தீவில் ஓடுவது ஒரே பேருந்து. அதை ஓட்டுபவன் நான். துறைமுகத்தில் கப்பல் வந்ததும் கிளம்பி, மலைமேல் இருக்கும் ஊருக்கு ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அல்மிரா கடற்கரையில் போய் நிற்பேன். அதற்குமேல் சாலை கிடையாது, கடல்தான். சாலை முடிகிற இடத்தில் குட்டைச் சவுக்கு மரங்கள், அவற்றின் அடிமரத்துக்கு வெள்ளையடித்திருக்கும். அந்த நிழலில் ஆறு மேஜை. அதுதான் கல்லிரோயின் சாப்பாட்டுக்கடை.

கோடையில் என் வண்டியில் ஏறுகிறவர்களுக்குக் கடற்கரை வேண்டும், குன்றின்மேல் இடிந்து நிற்கும் பழைய கோபுரம் வேண்டும். கோபுரத்தைக் கட்டியது யார் என்று கேட்பார்கள். “எங்க தாத்தா இல்லை” என்பேன். சிரிப்பார்கள், எழுதிக்கொள்வார்கள். கோடை முடியும் தறுவாயில் வருகிறவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள், மணலில் பூக்கும் அந்த வெள்ளைப் பூ பூத்துவிட்டதா என்று. பூத்திருக்கும். கல்லிரோய் அதைச் சுற்றி நாணல் குச்சி நட்டு வேலி போட்டிருப்பாள். வேலியைத் தாண்டிப் படம் எடுக்கப் போகிறவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் அவள் திட்டுவது அவனுக்குப் புரியும்.

இந்த மணல் அவளுக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் தீவில் அப்போது சொத்து பிரிக்கிற முறை இதுதான். மேலே, மண்ணும் தண்ணீரும் உள்ள நிலம் ஆண்பிள்ளைக்கு. கீழே, கடலோரம், ஆடுகூட வாய் வைக்காத உப்பு மணல் பெண்பிள்ளைக்கு, இல்லையென்றால் அப்பனோடு சண்டை போட்ட பிள்ளைக்கு. இதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை. கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது, அவ்வளவுதான். கல்லிரோயின் அப்பாவும் ஊர் வழக்கப்படியே செய்தார். திராட்சைத் தோட்டமும் அத்திமரங்களும் மழைத்தண்ணீர்த் தொட்டியும் மூத்தவன் யகூமிஸுக்கு. அல்மிரா மணல் மொத்தமும் கல்லிரோய்க்குச் சீதனம்.

கல்யாணத்தன்று யகூமிஸ் ஒரு கைக்குட்டையில் ஒரு பிடி மணலை முடிந்து மாப்பிள்ளை கையில் கொடுத்தான். “பத்திரமா வச்சுக்கோ மச்சான், பூராவும் உன்னுதுதான்” என்றான். ஊரே சிரித்தது. மாப்பிள்ளை கப்பல் வேலைக்காரன், நல்ல மனுஷன், அவனும் சிரித்தான். கல்லிரோயும் சிரித்தாள். ஆனால் அவள் எதையும் மறக்கிற ஜாதி இல்லை.

சில வருஷம் கழித்து ஒரு கோடையில் முதுகில் மூட்டையோடு இரண்டு ஜெர்மன்காரர்கள் வந்து சவுக்கு நிழலில் கூடாரம் போட்டார்கள். சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கையால் கேட்டார்கள். அவள் முட்டை பொரித்துக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அவர்கள் எட்டுப் பேராக வந்தார்கள். அதற்கடுத்த வருஷம் மேஜை போட வேண்டியதாயிற்று. கணவன் நோயில் போனபிறகு, மகள் ஃப்ளோராவை வளர்த்தது அந்த மேஜைகள்தான்.

மேலே நடந்தது வேறு. மழை குறைந்தது. திராட்சைக்கொடி காய்ந்தது. இருக்கிற கொஞ்சத்தைப் பறிக்கவும் ஆள் இல்லை, எல்லோரும் கடலோரக் கடைகளில் தட்டு தூக்கப் போய்விட்டார்கள். யகூமிஸ் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கழுதையோடும் கொடிகளோடும் பேசிக்கொண்டு இருந்தவன், ஒருநாள் மதியம், கூட்டம் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துக் கீழே வந்தான்.

“அப்பா என்னை ஏமாத்திட்டாரு. பாதி மணலைக் குடு, பாதித் தோட்டத்தை எடுத்துக்கோ” என்றான்.

கல்லிரோய் கையில் தட்டோடு நின்றாள். “அன்னிக்கு ஒரு பிடி முடிஞ்சு குடுத்தியே அண்ணே, வேணும்னா அதுல பாதியைத் திருப்பித் தரேன்” என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்ய, அவள் சொன்ன விதம் அப்படி. யகூமிஸ் முகம் சிவந்து, “இனிமே இந்த மணல்ல என் கால் படாது” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனான். நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையை எங்கள் ஊரில் லேசில் விழுங்க முடியாது. சொன்னவன் மறந்தாலும் கேட்டவர்கள் மறக்க விடமாட்டார்கள்.

அப்புறம் ஏறக்குறைய இருபது வருஷம். கோயிலில் அவன் வலது பக்கம் நிற்பான், அவள் இடது பக்கம் நிற்பாள். பாதிரியார் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார். மீன் பிடிக்க ஆசை வந்தால் யகூமிஸ் கழுதையில் ஏறித் தீவின் அடுத்த பக்கம் வரைக்கும் போவான். கண்ணுக்கு எதிரே கடல் கிடக்கும், கால் வைக்கமாட்டான்.

இதில் அகப்பட்டவன் நான். அல்மிராவுக்கு முன்னால் கடைசி வளைவில் அவன் நிலம். ஊரிலிருந்து வரும்போது அங்கே இறங்குவான். இறங்கும்போது வெளியே பார்த்துக்கொண்டே, “கீழே கூட்டம் எப்படி?” என்பான். கீழே போனால் இவள் தட்டைத் துடைத்துக்கொண்டே, “மேலே மழை பெஞ்சுதா?” என்பாள். ஒரு பொட்டலம் மீன் எனக்கென்று தருவாள், என் வீட்டில் இருப்பது நானும் பூனையும்தான் என்று தெரிந்தும் நாலு பேருக்கான மீன். அவன் எனக்கென்று ஒரு கூடை அத்திப்பழம் தருவான். மீன் மேலே போகும், அத்தி கீழே வரும். யாரிடமிருந்து என்று யாரும் கேட்டதில்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல், “ரெண்டு பேரும் நேரா பேசித் தொலைங்களேன், நான் என்ன தபால்காரனா?” என்று கத்தினேன். யகூமிஸ் வண்டிக் கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனான். அன்றைக்கு எனக்கு வருத்தமாக இருந்தது.

ஃப்ளோரா வளர்ந்து, கட்டிக்கொண்டு, கப்பலேறித் துறைமுக நகரமான பிரேயஸுக்குப் போனாள். புருஷன் மின்வேலை செய்கிறவன், ஒரு சின்னப் பெண் குழந்தை. அவள் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். வீட்டு ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல். குளிர்காலத்தில் அம்மாவுக்குப் போன் செய்து, பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பாளாம். “என்னடி?” என்றால், “ஒண்ணுமில்ல, கடல் சத்தம் கேக்குதா பார்க்கறேன்” என்பாளாம்.

“ரெண்டு ரூம் இருந்தாக்கூட வந்துடுவோம்மா. ஆறு மேஜையை வச்சு மூணு பேர் எப்படிப் பொழைக்கறது? ஒரு ரூம்ல நாங்க இருந்துட்டு, இன்னொண்ணை வர்றவங்களுக்கு வாடகைக்கு விட்டா வருஷம் ஓடிடும்” என்றாள் ஒருநாள்.

அன்றிலிருந்து கல்லிரோய்க்கு அந்த இரண்டு அறைதான் உலகம். போன அக்டோபரில், கடைசிச் சுற்றுலாக்காரனையும் கப்பல் ஏற்றி அனுப்பியபின், அனுமதிச் சீட்டெல்லாம் வாங்கி, கொத்தனார் லெஃப்தேரிஸைக் கூட்டிவந்து, மேஜைகளுக்குப் பின்னால் அஸ்திவாரம் தோண்ட வைத்தாள். அன்று அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குக் காசு வாங்காமல் சாப்பாடு போட்டாள், அது வரலாற்றில் இல்லாத சங்கதி.

இடுப்பளவு தோண்டியதும் மண்வெட்டி வேறு விதமாகச் சத்தம் கொடுத்தது. லெஃப்தேரிஸ் நிறுத்திவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். கல்லிரோய் குழிக்குள் இறங்கி, பாத்திரம் தேய்க்கிற தூரிகையால் மண்ணைத் தள்ளினாள். சலவைக்கல். அதில் உருவம் செதுக்கியிருந்தது. ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அவள் எதிரே இளம்பெண் ஒருத்தி நிற்கிறாள். ஒருத்தி வலது கையை மற்றவள் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எழுத்து எதுவும் இல்லை. அந்தக் காலத்துக் கல்லறைக் கல்.

லெஃப்தேரிஸ் குரலைத் தாழ்த்தினான். “சிமெண்ட் வண்டி மேலே ரெடியா நிக்குது அக்கா. பத்து நிமிஷ வேலை. நான் பார்க்கல, நீங்க பார்க்கல. இந்த ஜன்னிஸுக்குப் பொறந்ததுலேருந்தே கண் தெரியாது.”

இதைக் கேட்டு யாரும் திடுக்கிட வேண்டாம். பழைய கல் கிடைத்தால் தொல்லியல்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், சொன்னால் கட்டடம் நின்றுபோகும், சில சமயம் நிலமே போகும். எங்கள் தீவில் எந்தெந்த வீட்டின் அடியில் என்னென்ன கிடக்கிறது என்பது கடவுளுக்கும் கொத்தனார்களுக்கும் மட்டும்தான் தெரியும். நானும் மூடத்தான் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். கல் இரண்டாயிரம் வருஷம் காத்திருந்தது, இன்னும் கொஞ்சம் காத்திருக்கும். ஃப்ளோராவின் குழந்தை அதற்குள் வளர்ந்துவிடும்.

கல்லிரோய் லெஃப்தேரிஸை அனுப்பிவிட்டுக் குழிமேல் தார்ப்பாய் போட்டாள். அடுத்த சில நாட்கள் நான் எப்போது போனாலும் காப்பிக் கோப்பையோடு குழி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கடையில் அடுப்பு எரியவில்லை.

“அம்மாவும் பொண்ணும்டா” என்றாள் ஒருநாள்.

“உனக்கு எப்படித் தெரியும்? அக்கா தங்கச்சியா இருக்கும். எஜமானியும் வேலைக்காரியுமா இருக்கும்.”

“வேலைக்காரி கையை எவடா இப்படிப் புடிப்பா?” தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள். “போயிட்டு வரேன்னு சொல்றா பாரு. செத்தது உக்காந்திருக்கறவளா, நிக்கறவளான்னுதான் தெரியல.”

நான் குனிந்து அந்தக் கைகளைப் பார்த்தேன்.

“ஃப்ளோராவைக் கப்பல் ஏத்தினப்ப நானும் இப்படித்தான் புடிச்சிட்டிருந்தேன். கப்பல்காரன் கத்தினான், அப்பதான் விட்டேன்.” தார்ப்பாயை மறுபடி இழுத்து மூடினாள். “இதும்மேல கான்கிரீட்டைக் கொட்டி, அதும்மேல கட்டில் போட்டு, அதுல என் பொண்ணையும் பேத்தியையும் படுக்க வைக்கறதா? என்னால முடியாது ஜன்னிஸ். பயமா இருக்கு.”

அன்றைக்கே பெரிய தீவிலிருக்கும் தொல்லியல் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒரு சின்ன வயது அதிகாரிப் பெண் வந்தாள். கல்லைப் பார்த்ததும் அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவ்வளவு சந்தோஷம். இன்னும் நாலு இடத்தில் குச்சியால் குத்திப் பார்த்து, இங்கே முழுதும் கல்லறைகள்தான், நீங்கள் செய்தது பெரிய காரியம் அம்மா என்று கல்லிரோயைக் கட்டிக்கொண்டாள். மேஜைகள் இருக்கலாம், ஆனால் இந்த மணலில் இனி ஒரு கல்மேல் கல் வைக்க முடியாது என்றாள். நல்ல பெண்தான், அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு தட்டு மீன் சாப்பிட்டுவிட்டு என் வண்டியிலேயே துறைமுகத்துக்குப் போனாள்.

கல்லிரோய் மகளுக்குப் போன் செய்து சொன்னாள். “பரவாயில்லம்மா” என்றாளாம் ஃப்ளோரா. கோபப்பட்டிருந்தால் இவள் தாங்கியிருப்பாள். அந்தப் ‘பரவாயில்லம்மா’வைத்தான் தாங்கமுடியவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்தில் குழாயைத் திறந்துவிட்டு நின்று அழுதாள். குழாய்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்தாள் போலிருக்கிறது. கேட்டது.

ஊர் இரண்டு நாளில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. காப்பிக்கடையில், ரொட்டிக்கடையில், எங்கே போனாலும், “கல்லிரோய்க்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு” என்பதுதான் பேச்சு.

அடுத்த வாரம் ஊரிலிருந்து யகூமிஸ் வண்டியில் ஏறினான். வேறு யாரும் இல்லை. வழக்கமாக மூன்றாவது ஜன்னலோரம் உட்காருபவன், என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தான்.

“நிஜமா?”

“எது?”

“அவளே போன் பண்ணிச் சொன்னாளாமே.”

“அவளேதான். லெஃப்தேரிஸ் சிமெண்ட் வண்டியோட நின்னான். மூடமாட்டேன்னுட்டா.”

“இனிமே கட்டவே முடியாதா?”

“ஒரு கோழிக்கூண்டு கூட முடியாது.”

அவன் வளைவு வந்தது. நிறுத்திக் கதவைத் திறந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன், தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“ஓட்டு” என்றான்.

என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதில்லை. அவன் மனசு மாறிவிடுமோ என்று மூச்சைக்கூடச் சத்தமாக விடவில்லை.

கல்லிரோய் சவுக்கு நிழலில் பொடிமீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அண்ணன் மணலில் நடந்து வருவதைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை, கத்தி மட்டும் நின்றது. யகூமிஸ் அவளைத் தாண்டிப் போய், சிவப்பு நாடா கட்டியிருந்த குழியை எட்டிப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். முதலில் உள்ளுக்குள், பிறகு தோள் குலுங்க, பிறகு சவுக்கு மரத்தைப் பிடித்துக்கொண்டு.

“அப்பா ஏமாத்திட்டாரு, ஏமாத்திட்டாருன்னு எத்தனை வருஷம் வயிறெரிஞ்சேன்” என்றான் மூச்சு வாங்க. “இப்ப பாரு! பழையபடி ஒண்ணுக்கும் ஆகாத மணல்!”

கல்லிரோய் எழுந்தாள். ஈரத் துணியை எடுத்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். “சிரிக்கவா வந்தே? இத்தனை வருஷம் கழிச்சு இதுக்கா வந்தே, பாவி! என் பொண்ணு வரமுடியாமப் போச்சு, உனக்குச் சிரிப்பா இருக்கா?” இன்னும் இரண்டு வைத்தாள். அறுபத்தைந்து வயது ஆள், தடுக்கக்கூட இல்லாமல் வாங்கிக்கொண்டு நின்றான். சிரிப்பு மட்டும் நின்றுவிட்டது. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, மீன் நாற்றமடிக்கிற கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

யகூமிஸ் என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். அவன் இன்னொரு நாற்காலியை இழுத்து அவளருகே போட்டு உட்கார்ந்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கத்தியை எடுத்து மீதி மீனை ஆய ஆரம்பித்தான்.

“குடலைச் சரியா எடு” என்றாள் அவள், முகத்திலிருந்து கையை எடுக்காமல்.

“எடுக்கறேன்.”

மீனை அவன் ஆய்ந்தான், அவள் வறுத்தாள், மூன்று பேரும் சாப்பிட்டோம். ரொட்டியும் வெள்ளை வைனும் இருந்தன. நன்றாகத்தான் இருந்தது, வெயிலும் காற்றும் அலைச்சத்தமும். எனக்குத் துறைமுகத்தில் கப்பல் வருகிற நேரம், ஆனால் நான் நகரவில்லை.

“எத்தனை ரூம் கட்டறதா இருந்தே?” என்றான் யகூமிஸ்.

“ரெண்டு. எதுக்குக் கேக்கறே?”

“மேல என் இடத்துல கட்டு.”

“உன் இடம் எனக்கு எதுக்கு?”

“உனக்கு எவன் குடுத்தான்? ஃப்ளோராவுக்கு. அங்க நின்னா இந்தக் கடற்கரை பூராவும் தெரியுது, கோபுரமும் தெரியுது. வர்றவங்க அதுக்குத்தானே வர்றாங்க? நான்தான் தினம் பார்த்துப் பார்த்து எரிஞ்சுட்டுக் கெடந்தேன். அவங்க காசு குடுத்துப் பார்க்கட்டும்.”

கல்லிரோய் அவனையே பார்த்தாள். “அங்க தோண்டி ஏதாவது கிடைச்சா?”

“நாப்பது வருஷமா தோண்டறேன். வெங்காயத்தைத் தவிர ஒண்ணும் கிடைச்சதில்ல. அதுவும் ஒழுங்கா கிடைச்சதில்ல.”

அவள் சிரித்தாள். அழுத முகத்தோடு சிரித்ததில் மூக்கு வழிய, அதே துணியால் துடைத்துக்கொண்டாள். “வைன் இன்னும் இருக்கா?” என்று நான் கேட்டு ஒரு முறைப்பு வாங்கிக்கொண்டேன்.

“நீயே அவகிட்ட சொல்லு” என்று எண்ணை அழுத்தி போனை அண்ணன் கையில் கொடுத்தாள்.

அவன் போனைத் தலைகீழாகப் பிடித்து, நான் திருப்பிக் கொடுத்து, பிரேயஸ் வரைக்கும் போனே இல்லாமல் கேட்கிற மாதிரி கத்தினான். “ஃப்ளோரா! மாமா பேசறேன். யகூமிஸ் மாமா. உங்கம்மாகிட்ட இனிமே ஒண்ணும் கிடையாது, கல்லறைதான் இருக்கு. என்கிட்ட இடம் இருக்கு. வசந்தத்துக்குள்ள ரெண்டு ரூம் போட்டுடலாம். புருஷனையும் புள்ளையையும் கூட்டிட்டுக் கிளம்பி வா.”

லைன் போய்விட்டதோ என்று அவன் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். அப்போதுதான் அந்தப் பெண்ணின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“மாமா… அலைச்சத்தம் கேக்குதே. நீங்க எங்கேருந்து பேசறீங்க?”

யகூமிஸ் குனிந்து தன் காலைப் பார்த்தான். செருப்பெல்லாம் மணல்.

“கீழேருந்துதான் கண்ணு” என்றான். கத்தவில்லை. “உங்கம்மா பக்கத்துல உக்காந்திருக்கேன்.”

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டதும் பயந்துபோய், போனைத் தங்கை கையில் திணித்துவிட்டு, மீதி மீனைச் சாப்பிட ஆரம்பித்தான்.